பேஸ்மேக்கர் இருந்தும் தலைசுற்றலா? வேலையை விடாமல் சமாளிக்கும் வழிகள்

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டு மறுபடி வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இனி மயக்கமே வராது என்று நம்பிக் கிளம்புகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த நம்பிக்கை பலிக்கிறது. சிலருக்கு மட்டும், சில மாதங்கள் கழித்தோ சில வருடங்கள் கழித்தோ, கடையில் நின்றுகொண்டிருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது. உடனே இரண்டு பயம். மெஷின் கெட்டுப்போச்சா? வேலை போயிடுமா? இரண்டாவது பயத்தில் முதலாவதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

இந்த வழிகாட்டி அவர்களுக்காக, குறிப்பாகத் திருவனந்தபுரத்தில் பிழைப்பு நடத்தும் தமிழர்களுக்காக எழுதப்படுகிறது. சாலை பஜார் மளிகைக்கடை, கிழக்கேகோட்டைத் துணிக்கடை, டெக்னோபார்க் அலுவலகம், விழிஞ்ஞம் கடற்கரை என்று எங்கே இருந்தாலும், காலையில் நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ ரயிலேறித் தம்பானூரில் இறங்குகிறவராக இருந்தாலும் இது உங்களுக்குத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சாதாரண பேஸ்மேக்கரின் முக்கிய வேலை, துடிப்பு குறையும்போது தூண்டிவிடுவது. உங்களுக்கு நிமிடத்துக்கு 60 என்று வைத்திருந்தால், அதற்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொள்ளும். மயக்கம் என்பது மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடி குறைந்துபோவது. அது குறையத் துடிப்பு மட்டும் காரணமாக வேண்டியதில்லை. உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். ரத்தக்குழாய்கள் சட்டென்று தளர்ந்து ரத்தமெல்லாம் காலில் தேங்கியிருக்கலாம். மாத்திரை பி.பி.யை அளவுக்கு மீறி இறக்கியிருக்கலாம். இவற்றில் எதையும் பேஸ்மேக்கரால் தடுக்க முடியாது. நீங்கள் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு வெயிலில் இருக்கிறீர்கள் என்பதை எல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது வேலையிடம். அதனால்தான் மயக்கத்தைத் தடுப்பதில் பாதி வேலை ஆஸ்பத்திரியில் என்றால் மீதிப் பாதி வேலையிடத்தில் இருக்கிறது என்கிறேன்.

இதற்கு நல்ல சான்று உண்டு. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தக்குழாய் தளர்வதால் அடிக்கடி மயங்கி விழும் 100 பேருக்குப் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்கு அதை முழுமையாக இயக்கினார்கள். மீதிப்பேருக்குத் துடிப்பைக் கவனிக்க மட்டும் வைத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மயக்கம் வரும்போது நெஞ்சு சில நொடி நின்றேபோகும் வகையினருக்கு, அதிலும் 40 வயதைக் கடந்தவர்களுக்கு, மெஷின் நன்றாக உதவுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் அடிப்படைப் பாடம் மாறவில்லை. துடிப்பு சரியாக இருந்தும் மயக்கம் வரலாம்.

ஆக, ஒருமுறை மயக்கமோ மயக்கம் வருகிற மாதிரியான உணர்வோ வந்தால் என்ன செய்வது? அன்றைக்கே நாலு வரி எழுதி வையுங்கள். என்ன நேரம், நின்றீர்களா உட்கார்ந்தீர்களா, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, என்ன மாத்திரை போட்டீர்கள், முன்னால் வியர்த்ததா, நெஞ்சு படபடத்ததா? சுற்றி இருக்கும் பொருள்கள் சுழல்வது போல இருந்ததா, கண் இருட்டியதா என்பதையும் பிரித்து எழுதுங்கள். சுழல்வது பெரும்பாலும் காது சம்பந்தப்பட்டது. இருட்டுவது ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்டது. டாக்டர் முன்னால் உட்கார்ந்து "சும்மா ஒரு கிறுகிறுப்பு" என்று சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காது. கூட இருந்தவர் பார்த்ததையும் எழுதி வாங்குங்கள். எத்தனை நொடியில் எழுந்தீர்கள், முகம் வெளுத்ததா, கைகால் வெட்டியதா என்று அவருக்குத்தான் தெரியும்.

பிறகு மெஷினைப் பரிசோதிக்க வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்திய ஆஸ்பத்திரியின் பரிசோதனைப் பிரிவில், நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்தோ வயர்லெஸ் மூலமோ அதன் நினைவகத்தைப் படிப்பார்கள். மயக்கம் வந்த நேரத்தில் துடிப்பு எப்படி இருந்தது, பேட்டரி எவ்வளவு மிச்சம், ஒயர் சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் கிடைத்துவிடும். நீங்கள் எழுதிய நேரமும் மெஷின் குறித்துவைத்த நேரமும் ஒத்துப்போனால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை வந்துவிடும்.

திருவனந்தபுரத்தில் இதற்கு வழி இருக்கிறது. மெடிக்கல் காலேஜ் வளாகத்தை ஒட்டி இருக்கும் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனம், 1973-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் மக்களுக்காகக் கொடுத்த கட்டடத்தில் தொடங்கியது. 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இந்தியாவின் சொந்தச் செயற்கை இதய வால்வு உருவானதும் அங்கேதான். 1990 டிசம்பரில் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து இதய நோயாளிகள் தேடிப்போகும் இடம் அது. ஆனால் பரிந்துரையின் பேரில் நோயாளிகளைப் பார்க்கும் மையம் என்பதால், புதிதாகப் போகிறவர் உள்ளூர் டாக்டரின் கடிதத்தோடு போவது நல்லது. எங்கே போனாலும் மெஷினின் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். அதில் இருக்கும் கம்பெனியும் மாடலும் தெரியாமல் சரியான பரிசோதனைக் கருவியை எடுக்க முடியாது.

சில அறிகுறிகளோடு வீட்டில் உட்காரக் கூடாது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்தால், படியேறும்போதோ சுமை தூக்கும்போதோ மயங்கினால், நெஞ்சு படபடத்த பிறகு மயங்கினால், நெஞ்சு வலித்தால், மெஷின் வைத்த சில வாரங்களுக்குள் பழைய மயக்கம் திரும்பினால், கையைத் தூக்கும்போதெல்லாம் தலை சுற்றினால், விடாமல் விக்கல் எடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். கடைசி மூன்றும் ஒயர் இடம் மாறியதையோ பழுதானதையோ காட்டலாம். வேகமான துடிப்பால் வரும் மயக்கத்தைச் சாதாரண பேஸ்மேக்கர் நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெஷின் சரி என்று டாக்டர் சொல்லிவிட்டால், பார்க்க வேண்டியது பி.பி.யை. படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. பி.பி. மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் இது அடிக்கடி நடக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எந்த நேரத்தில் போடுவது, எதைக் குறைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளுகிற விற்பனைப் பிரதிநிதிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: உங்கள் மயக்கம் சர்க்கரை இறங்கியதாலும் இருக்கலாம்.

இனி வேலையிடம். என் கவலை எல்லாம் அதிகமாகத் துணிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட்டுகளில் நின்றே வேலை பார்ப்பவர்கள் மீதுதான். அசையாமல் நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் காலிலும் வயிற்றிலும் தேங்குகிறது. ஏ.சி. இல்லாத தளம், திருவிழாக் கூட்டம், தண்ணீர் குடிக்கப் போக நேரமில்லை என்பதெல்லாம் சேர்ந்தால் திடமான ஆளுக்கே கண் இருட்டும். கேரளத்தில் விற்பனைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகவே போராடினார்கள். கோழிக்கோட்டில் பி. விஜி முன்னெடுத்த பெண்கூட்டு அமைப்பு தொடங்கி வைத்த அந்தப் போராட்டத்தின் பலனாக, 2018-ல் கேரளக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்பது சட்டமானது. தமிழ்நாடு 2021-ல் அதே வழியில் தன் சட்டத்தைத் திருத்தியது. எனவே ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பதாகாது. "எனக்கு உடம்பு சரியில்லை" என்று கெஞ்ச வேண்டியதில்லை. "சட்டப்படி இருக்கை வேண்டும், டாக்டரும் சொல்லியிருக்கிறார்" என்று மேனேஜரிடம் நேராகச் சொல்லலாம்.

இருக்கை கிடைத்தாலும் வாடிக்கையாளர் முன் நிற்கத்தான் வேண்டியிருக்கும். அதற்கு ஒரு கை வைத்தியம் இருக்கிறது, அது ஆய்விலும் தேறியது. கண் இருட்டுவது போலத் தோன்றிய உடனே ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் இறுக்குங்கள். அல்லது இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டு, எதிரெதிராக இழுங்கள். இரண்டு நிமிடம் வரை விடாமல் செய்யலாம். காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறுகிறது, பி.பி. கூடுகிறது. 2006-ல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி கற்றவர்களில் மறுபடி மயங்கியவர்கள் சுமார் 32 சதவீதம்; கற்காதவர்களில் சுமார் 51 சதவீதம். காசு செலவில்லாத வழிகளில் இவ்வளவு பலன் தருவது குறைவு. நாகர்கோவில் ரயிலில் நின்றபடி வருகிறவர்களும் இதைப் பழகிக்கொள்ள வேண்டும். பயன் தெரியவில்லை என்றால் கூச்சப்படாமல் அப்படியே தரையில் உட்காருங்கள் அல்லது படுத்துவிடுங்கள். விழுவதைவிட உட்காருவது எத்தனையோ மேல்.

துணிக்கடையில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். வாசலில் திருட்டைக் கண்டுபிடிக்கும் மின்காந்தக் கேட் இருக்கும். சாதாரணமாக நடந்து கடப்பதில் பிரச்சினை இல்லை. அதன் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்கவோ சாயவோ கூடாது. வாசல் காவலர், பில் போடுபவர் இருவரும் தங்கள் இடத்தைச் சற்றுத் தள்ளிப் போடச் சொல்ல வேண்டும். சட்டையில் காந்தத்தால் ஒட்டும் பெயர்ப்பட்டை கொடுத்தால் மறுத்துவிட்டு ஊக்கு வைத்த பட்டை கேளுங்கள். காந்தம் மெஷினுக்கு 15 சென்டிமீட்டருக்குள் வரக் கூடாது. செல்போனுக்கும் அதே கணக்கு, ஆகவே மெஷின் இருக்கும் பக்கத்துச் சட்டைப்பையில் போன் வேண்டாம். இறுக்கமான காலரும் டையும் கழுத்தை அழுத்தினால் சிலருக்கு அதுவே மயக்கத்தைத் தூண்டும். சீருடை போடும் செக்யூரிட்டி வேலைக்காரர்கள் மேல் பித்தானைத் தளர்த்த அனுமதி வாங்குங்கள்.

கணினி அலுவலகக்காரர்களுக்கு ஆபத்து குறைவு. லேப்டாப், பிரிண்டர், சாதாரண யு.பி.எஸ். எதுவும் பயப்பட வேண்டியவை இல்லை. உங்கள் பிரச்சினை தூக்கமும் சாப்பாடும். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு, வெறும் வயிற்றில் காப்பி மட்டும் குடித்து, விடியற்காலை வேகமாகப் படியிறங்கும்போது தள்ளாடுகிறவர்கள் உண்டு. ஓணக் கொண்டாட்டத்தில் முழுச் சத்யா சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், வயதானவர்களுக்கு பி.பி. இறங்குவதும் உண்டு. அன்றைக்கு அளவாகப் பரிமாறச் சொல்லி, சாப்பிட்ட உடனே வடம்வலி (கயிறு இழுக்கும்) போட்டிக்குப் போகாமல் கொஞ்சம் உட்காருங்கள்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு: கேரளத் தொழிலாளர் துறை கோடை காலத்தில் வெளிப்புறத் தொழிலாளர்களுக்கு மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு விட்டு வேலை நேரத்தை மாற்றியமைக்கிறது. கட்டடம், சாலைப் பணி செய்பவர்கள் ஒப்பந்தக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லலாம். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர் எல்லாம் நல்லவை. ஆனால் இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பி.பி. அதிகமுள்ளவர்கள் எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்று டாக்டரைக் கேட்டே கூட்ட வேண்டும். ஆற்றுக்கால் பொங்கலுக்கு அடுப்பு மூட்டப் போகும் பெண்கள் கும்ப மாதத்து வெயிலும் புகையும் கூட்டமும் ஒன்றாகச் சேரும் நாள் அது என்பதை எண்ணி, நிழலான இடம் பிடித்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை பஜாரில் சுமை தூக்கும் தொழிலாளிகளுக்கு ஒரு கண்டிப்பான வேண்டுகோள். மெஷின் வைத்த பக்கத்துத் தோளில் மூட்டை வைக்காதீர்கள். தொடக்கத்தில் நாலிலிருந்து ஆறு வாரம் வரை அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்கவோ கனம் தூக்கவோ கூடாது. அதன்பிறகும் தோளில் தொடர்ந்து அழுத்தம் விழுந்தால், கழுத்தெலும்புக்குக் கீழே போகும் ஒயர் நசுங்கி உடையலாம். மாற்று வேலை கேட்டு இப்போதே யூனியனில் பேசுங்கள். வெல்டிங் செய்பவர்கள் தங்கள் மாடலுக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளும் வரை தொட வேண்டாம். ஹோட்டல் சமையற்காரர்களுக்கு கேஸ் அடுப்பு பிரச்சினையில்லை. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து மெஷின் 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும்.

வண்டி ஓட்டுவது பற்றி மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. மயக்கம் வந்து காரணம் தெரியாதவரை ஸ்டியரிங்கைப் பிடிக்கவே கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கு நாம் நிரப்பும் படிவம் 1, வலிப்போ, எந்தக் காரணத்தாலாவது திடீரென நினைவிழப்போ தலைசுற்றலோ வருவதுண்டா என்றுதான் முதலில் கேட்கிறது. பொய் எழுதி ஓட்டினால் பாதிக்கப்படுவது பின்சீட்டில் இருக்கும் பயணியும்தான். மயக்கமில்லாமல், மெஷின் வைத்தது மட்டும் என்றால் நிலைமை வேறு. பிரிட்டனில் கார் ஓட்டுபவர் மெஷின் வைத்த ஒரு வாரத்தில் திரும்பலாம். பஸ், லாரி ஓட்டுபவர் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். இங்கே உங்கள் டாக்டரிடம் எழுத்துமூலமான அனுமதி கேளுங்கள். அதுவரை ஆட்டோ ஓட்டுநர் ஸ்டாண்டில் வேறு பொறுப்பையும், பஸ் ஓட்டுநர் டிப்போ வேலையையும் கேட்க வேண்டும். விழிஞ்ஞத்தில் வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போவது, கிரேன் இயக்குவது, உயரத்தில் ஏறுவது எல்லாம் இதே வகை.

வேலையிடத்தில் யாரிடம் சொல்வது? எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேருக்கும் மேலாளருக்கும் தெரிந்தால் போதும். மலையாளி நண்பர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்லி வையுங்கள்: "எனிக்கு பேஸ்மேக்கர் உண்டு. ஞான் போதம்கெட்டு வீணால் மலர்த்திக் கிடத்தணம், கால் பொக்கி வெக்கணம், 108 விளிக்கணம்." இதை ஒரு தாளில் எழுதி உங்கள் மேசை இழுப்பறையிலும் ஒட்டலாம். தமிழ் நண்பருக்கு, "அண்ணே, நான் விழுந்தால் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்காதீங்க, படுக்க வைங்க, வாயில் தண்ணி ஊத்தாதீங்க" என்று சொல்லுங்கள். தூக்கி உட்கார வைப்பதுதான் நம் ஊரில் எல்லோரும் செய்யும் முதல் தவறு. உட்கார்ந்தால் மூளைக்கு ரத்தம் ஏறுவது இன்னும் தாமதமாகும். மூச்சு இல்லாமல் கிடந்தால் மெஷின் இருக்கிறதே என்று தயங்காமல் நெஞ்சை அழுத்தி உயிர் காக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகும் ஆண்களுக்கு ஒரு சின்ன யோசனை. சட்டை போட்டு உள்ளே போக முடியாது என்பதால் மெஷின் அட்டை சட்டையோடு வெளியே தங்கிவிடுகிறது. வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு சோதனை செய்யும் காவலரிடம் காட்டுங்கள். கையில் பிடித்துத் தடவும் கருவியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விமான நிலையத்திலும் இப்படியே.

மருத்துவ விடுப்பும் பணமும் பற்றி: மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறதென்றால், நோய் உதவித்தொகையாக ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பிடித்தம் ஆகியிருக்க வேண்டும். சான்றிதழை இ.எஸ்.ஐ. டாக்டரிடமே வாங்குங்கள்.

சில முதலாளிகள், "ஏன் ரிஸ்க், நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க" என்பார்கள். அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகையில் பேஸ்மேக்கர் தனியாக இடம்பெறவில்லை. ஆகவே உங்களுக்குப் பலம் தருவது டாக்டரின் கடிதம். அது "ஓய்வு தேவை" என்று ஒரு வரியில் முடியக் கூடாது. மயக்கத்துக்கு என்ன காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, என்ன சிகிச்சை தரப்பட்டது, என்ன வேலை செய்யலாம், எதைச் செய்யக் கூடாது (ஓட்டுதல், உயரம், சுமை), இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து தண்ணீர் குடிக்க இடைவேளை, அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில் என்று ஒவ்வொன்றும் அதில் இருக்க வேண்டும். நிறுவனம் விலகச் சொன்னால், அந்தக் கடிதத்தை இணைத்து, எந்த வேலையைச் செய்ய முடியும் என்று குறிப்பிட்டு எழுத்தில் பதில் கேளுங்கள். நகல் ஒன்று வீட்டில், ஒன்று யூனியன் நண்பரிடம், போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும்.